அமெரிக்கர் எழுதித் தராத பெயர்கள்

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, எங்கள் ராயபுரத்து வீட்டு மாடியறையில் ஓர் அமெரிக்க மாலுமி ஒரு மாதம் போலத் தங்கியிருந்தார். சுதந்திரம் வந்து நாலைந்து வருடம் ஆகியிருந்தது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த அப்பா, துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு அரிசியும் காய்கறியும் கொடுக்கும் கடை வைத்திருந்தார். காய்ச்சலில் கிடந்த அந்த மனிதரை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு அவருடைய கப்பல் போய்விட்டது. அடுத்த கப்பல் வரும்வரை வைத்திருங்கள் என்று கப்பல் ஏஜெண்ட் அவரை அப்பாவிடம் ஒப்படைத்திருந்தார். வெள்ளைக்காரர்கள் போய்விட்டார்கள் என்று பள்ளிக்கூடத்தில் மிட்டாய் கொடுத்த பிறகும், எங்கள் வீட்டில் ஒருவர் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தது எனக்குப் பெரிய குழப்பம்.

அடுத்த கப்பல் வந்தது. அவரை ஏற்றவில்லை. அமெரிக்காவில் அவருடைய தொழிலாளர் சங்கத்தில் அந்த நாட்டுச் சர்க்காரை எதிர்த்துப் பேசிய கூட்டாளிகளின் பெயர்களை எழுதிக் கொடுத்தால்தான் அவர் நாட்டுக் கப்பலில் இனி வேலையாம். ஏஜெண்ட் காகிதத்தோடு வந்தார், இவர் எழுதவில்லை. அப்பாவுக்குத் தாங்கவில்லை.

"நாலு பேர எழுதிக் குடுத்துட்டு ஊரப் பாக்கப் போவாம, இவனுக்கு என்ன வீம்பு?" என்று அம்மாவிடம் பொருமினார். பிறகு தன் துறைமுக இங்கிலீஷில் அவரிடமே கேட்டுவிட்டார். ஆள்கிறவன் செய்வது தப்பு என்று சொல்லித்தான் தன் முன்னோர்கள் இங்கிலாந்து ராஜாவை விட்டுப் பிரிந்தார்கள், இன்று அப்படிச் சொன்னவர்களைக் காட்டிக் கொடுத்தால் பிரிந்ததற்கு என்ன அர்த்தம் என்றாராம் அவர். வெள்ளைக்காரனிடமிருந்து வெள்ளைக்காரன் எதற்கு விடுதலை வாங்க வேண்டும் என்பது அப்பாவுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. அன்றிலிருந்து அந்த மனிதர் மாடியில் குறுக்கும் நெடுக்கும் நடக்கும் சத்தம் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தது.

அந்த வாரம் பள்ளிக்கூடத்திலும் ஒரு தகராறு. கடலோரக் குப்பத்திலிருந்து படிக்க வரும் பெண்பிள்ளைகள்தான் பெரிய டீச்சர் வீட்டுக்குத் தண்ணீர் சுமக்க வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை காலை, 'இனிமே தண்ணி தூக்க மாட்டோம்' என்று சுவரில் கரியால் எழுதியிருந்தது. எழுதியவள் யாரென்று தெரிந்தவர்கள் திங்கட்கிழமை சீட்டில் எழுதித் தர வேண்டும், தெரிந்தும் மறைப்பவள் அவளோடு சேர்ந்து வெளியே போக வேண்டியதுதான் என்றார் பெரிய டீச்சர்.

எழுதியவள் பெஞ்சில் என் பக்கத்தில் உட்காருகிறவள். அவள் எழுதும்போது காவலுக்கு நின்றவள் நான்.

வீட்டுக்குப் போகும் வழியில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ சொல்லிட மாட்டல்ல மே? இஸ்கூல வுட்டு நிறுத்திட்டா எங்கம்மா மீன் கூடைய தூக்க வெச்சிடும்."

மாட்டேன் என்றேன்.

இரண்டு நாளும் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முழங்கால் போட்டு ஜெபம் பண்ணும்போதுகூட உடம்பு ஓரிடத்தில் நிற்கவில்லை. அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மாடிக்காரர் காய்ச்சல் எனக்கும் ஒட்டிக்கொண்டதோ என்று பயந்தாள்.

திங்கட்கிழமை மேசையில் சேர்ந்த சீட்டுகளில் ஒன்றில் மட்டும்தான் பெயர் இருந்தது. அது நான் எழுதியது. பெரிய டீச்சர் என்னை வகுப்புத் தலைவி ஆக்கினார். அவள் பையை எடுத்துக்கொண்டு போனாள். எழுதும்போது கூட யார் இருந்தது என்று வாசல்வரை கேட்டார்கள். யாருமில்லை என்றே சொன்னாள்.

அமெரிக்கர் அந்த வியாழக்கிழமை கிளம்பினார். ஊருக்கு இல்லை, வேறு ஏதோ நாட்டுச் சரக்குக் கப்பலில் கரி அள்ளிப் போடும் வேலை கிடைத்திருந்தது. நான் தலைவியான கதையை அப்பா அவருக்குப் பெருமையோடு சொன்னார். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, குனிந்து என்னிடம் மெதுவாக ஏதோ கேட்டார்.

"ரொம்பப் பயந்துட்டியான்னு கேக்காரு," என்றார் அப்பா.

இல்லை என்று தலையாட்டினேன். நான் பொய் சொல்லவில்லை. பயம் வந்தால் அழுகை வரும், ஓடி ஒளியத் தோன்றும் என்றுதான் எனக்குத் தெரியும். சீட்டை நாலாக மடித்து, கை நடுங்காமல், முதல் ஆளாகக் கொண்டுபோய்க் கொடுக்க வைத்ததும் பயம்தான் என்று அப்போது தெரியாது.