வாழைப்பழத்தின் மேல் விழுந்த பழி

தொழிற்சாலையில் அவளை எல்லோரும் ‘கேன்டீன் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட மூத்த மேனேஜர்கூட அப்படித்தான். மூட்டை மூட்டையாக உருளைக்கிழங்கு சீவிய கை அது. தோல் எவ்வளவு மெல்லிசாக வருகிறது என்று வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் தானே மெச்சிக்கொள்வாள்.

அவள் கணவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். டிரிப்புக்கு டிரிப் ஒரு வாழைப்பழம் தின்று பழகிய மனிதர். அவருக்குச் சிறுநீரகக் கோளாறு வந்தது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறுகிறது, வாழைப்பழத்தைத் தொடாதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனிதர் அன்றைக்கே நிறுத்தினார். பழக்கடை வந்தால் தெருவின் எதிர்ப்பக்கம் மாறி நடந்தார். பாவம், நாக்கைக் கட்டிப் போட்டிருக்கிறாரே என்று அவளுக்கு மனசு ஆறவில்லை. அதற்கு ஈடுகட்ட, வேளை தவறாமல் உருளைக்கிழங்கு வைத்தாள். சுட்டு வைத்தாள், வறுத்து வைத்தாள். காய்தானே, என்ன செய்துவிடப் போகிறது?

அடுத்த பரிசோதனையில் பொட்டாசியம் இன்னும் ஏறியிருந்தது. இனியும் குறையாவிட்டால் அட்மிட் ஆக வேண்டும் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே அவள் கணவரைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியாம எங்கயாவது பழம் தின்னீங்களா?"

"சத்தியமா இல்லம்மா."

அவள் நம்பவில்லை. அவரை இழுத்துக்கொண்டு உணவு ஆலோசகரிடம் போனாள். அது சின்னப் பெண். வீட்டில் என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டது. அவள் பெருமையாகவே சொன்னாள்.

"அய்யோ அம்மா, எடைக்கு எடை பார்த்தா வாழைப்பழத்தவிட உருளைக்கிழங்குலதான் பொட்டாசியம் ஜாஸ்தி. பழத்துல சர்க்கரை, கிழங்குல மாவு, அதுதான் வித்தியாசம். சுட்டாலும் வறுத்தாலும் பொட்டாசியம் உள்ளயேதான் இருக்கும். பொடியா நறுக்கி, நிறைய தண்ணியில வேகவெச்சு, அந்தத் தண்ணியக் கொட்டிடணும். அதையும் எப்பவாவது கொஞ்சமா குடுங்க."

அவள் முகத்தில் ஈயாடவில்லை. கணவரோ நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்போ என் வாழைப்பழம் ஒரு தப்பும் பண்ணலியா?"

"அதுவும் பண்ணும் சார். இது அதுக்கும் மேல."

"கேட்டுக்கோம்மா. சின்னத் திருடன வாசல்ல நிறுத்திட்டு, பெரிய திருடனுக்குத் தினமும் தட்டுல எடம் குடுத்திருக்கே."

சொல்லிவிட்டுச் சிரித்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். என் கையாலேயே கெடுக்கப் பார்த்தேனே என்று அங்கேயே அழுதுவிட்டாள். அதன் பிறகு கிழங்கு கேன்டீனோடு நின்றது.

பொட்டாசியம் மெல்ல இறங்கியது. எப்போதாவது பாதிப் பழம் சாப்பிடலாம் என்று ஆலோசகர் அனுமதி கொடுத்த அன்று, அவர் வரும் வழியிலேயே ஒரு பழம் வாங்கிவிட்டார். வீட்டுக்கு வந்து, உரித்து, இரண்டாக ஒடித்து, பெரிய துண்டை அவளிடம் நீட்டினார்.

"எனக்கு எதுக்கு? எனக்குத்தான் பிடிக்காதே."

"என்னிக்கிலேர்ந்து? நான் நிறுத்தின அன்னிலேர்ந்தா? எனக்காக நீயும் நிறுத்தினது எனக்குத் தெரியாதா? பஸ் ஓட்டினவன்மா நான். பின்னாடி யாரு என்ன பண்றாங்கன்னு கண்ணாடியில பார்த்துக்கிட்டேதான் ஓட்டுவேன்."

வராந்தாவில் அவரைக் குறுக்கு விசாரணை செய்தது நினைவுக்கு வந்து அவளுக்கு வெட்கமாகப் போயிற்று. வாங்கித் தின்றாள். அவர் தன் துண்டை முடித்துவிட்டு, அவள் தின்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்.