முழங்கை மடிப்பில் படர்ந்தது

குழந்தைகள் காப்பகத்தில் அவளை எல்லோரும் ஆயா என்றுதான் கூப்பிடுவார்கள். வயது இன்னும் நாற்பதைத் தொடவில்லை. எந்தக் குழந்தையையும் ஒரே கையால் அள்ளி இடுப்பில் ஏற்றிவிடும் வாகு அவளுக்கு. அழுகிற பிள்ளை அவளுடைய இடது முழங்கை மடிப்பில் தலை வைத்துவிட்டால் போதும், கண் சொருகிவிடும். "கையில என்ன சொக்குப்பொடி வச்சிருக்கீங்க ஆயா?" என்று பெற்றவர்களே கேட்பார்கள். படித்துப் பட்டம் வாங்கியவர்கள் நடத்தும் இடத்தில், தன் பங்குக்குத் தன்னிடம் இருப்பது இந்தக் கைதான் என்று அவளுக்கு உள்ளூர ஒரு கர்வம்.

மழைக்காலம் பிறந்ததும் அதே மடிப்பில் படர்தாமரை வந்தது.

முதலில் காசளவு சிவப்பு. பிறகு நடுவில் தெளிந்து, ஓரம் தடித்து, வளையமாக விரிந்தது. எங்கிருந்து வந்தது என்று தேடிப் போக வேண்டியதில்லை. கணவன் கிடங்கில் மூட்டை தூக்குபவன். நனைந்த சட்டையிலேயே நாள் முழுக்க ஊறி வருவான். அவன் இடுப்பைச் சுற்றி ஏற்கெனவே ஒரு அரைஞாண்போல ஓடிக்கொண்டிருந்தது.

"போய் டாக்டரம்மாகிட்ட காட்டுங்களேன்."

"எத, இடுப்பையா? உனக்கு வேற வேலையே இல்ல. மழை விட்டா அதுவா போயிடும்."

"அதுவரைக்கும் என் துண்டத் தொடாதீங்க."

"அப்போ காத்துலயா துவட்டிக்கச் சொல்ற?"

காற்றாவது இருந்தால் தேவலை. ஒரே அறை, ஒரே சன்னல். மின்விசிறிக்குக் கீழே குறுக்காகக் கட்டிய கொடியில் இரண்டு பேரின் துணியும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கி, புளித்த வாடை வீசும். காப்பகத்தில் கொடுத்த முழுக்கை மேலங்கி இரண்டு. குழந்தைகளைக் குளிப்பாட்டும்போது ஒன்று முழங்கைவரை நனைந்துவிடும். துவைத்துப் போட்ட மற்றது காய்ந்தபாடில்லை. உடம்புச் சூட்டில் உலர்ந்துகொள்ளட்டும் என்று ஈரத்தோடு மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

மருந்துக்கடையில் கேட்டாள். கடைக்காரர் கையைக்கூடப் பார்க்காமல் ஒரு டியூபை எடுத்து வைத்தார். "இதப் போடுங்கக்கா, பறந்திடும்."

பறந்துதான் போனது. தோல் பளிச்சென்று ஆனது. அரிப்பு நின்றதும் டியூபை மூடி வைத்தாள். தன்னோடு வேலை பார்க்கும் சின்ன ஆயாவிடமும், "கைகண்ட மருந்துடி" என்று பெருமையாகச் சொல்லிவைத்தாள். ஆனால் போனது திரும்பி வந்தது, தன் சொந்தபந்தத்தையும் கூட்டிக்கொண்டு. மறுபடி தேய்த்தாள், மறுபடி மறைந்தது, மறுபடி வந்தது. கடைசியில் வளையம் என்றே சொல்ல முடியாமல் கையெல்லாம் அப்பிக்கொண்டது. தோல் வெங்காயச் சருகாக மெலிந்து, தண்ணீர் பட்டாலே எரிந்தது.

அரசு மருத்துவமனையில் டாக்டரம்மா டியூபை வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

"இதுல ஸ்டீராய்டு கலந்திருக்கும்மா. அரிப்ப மட்டும் அமுக்கிடும். நீங்க போயிடுச்சுனு நினைப்பீங்க, பூஞ்சை உள்ளுக்குள்ள நல்லா வளரும். இனி இதத் தொடாதீங்க. நான் தர்ற களிம்ப, மறைஞ்ச பிறகும் நான் சொல்ற வரைக்கும் போடணும். வீட்டுக்காரரும் சேர்ந்து வைத்தியம் பாக்கணும். தனித்தனி துண்டு. குளிச்சதும் மடிப்பெல்லாம் ஈரமில்லாம ஒத்தி எடுக்கணும். துணிய வெயில்ல காயப்போட்டு உடுத்துங்க."

"அந்த வெயிலையும் சீட்டுல எழுதிக் குடுங்க டாக்டரம்மா."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "இஸ்திரி போட்டாவது உடுத்துங்க. என்ன வேலை பாக்குறீங்க?"

சொன்னாள். சிரிப்பு நின்றது.

"சரியாகுற வரைக்கும் பிள்ளைங்களத் தூக்காதீங்க."

தூக்காமல் அங்கே என்ன வேலை? காப்பகத்தை நடத்தும் மேடத்திடம் சொன்னால் சீட்டைக் கிழித்துவிடுவார்களோ என்று பயம். வலது கைக்கு மாறினாள். மேலங்கிக்குமேல் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டாள். மற்றக் குழந்தைகள் ஒத்துக்கொண்டன. பூசணி ஒத்துக்கொள்ளவில்லை. உருண்டைக் கன்னத்துக்காக அவளே வைத்த பெயர் அது. அவனுக்குப் பல் முளைக்கிற நேரம். காய்ச்சலும் சிணுங்கலுமாகத் துணியை இழுத்து எறிந்துவிட்டு, இடது கை மடிப்பைத் தேடி முகத்தைப் புதைத்தான். ஈர அங்கி ஒட்டும் கசகசப்பில், இந்த ஒருமுறை மட்டும் என்று விட்டுவிட்டாள். அந்த ஒருமுறை பலமுறை ஆனது.

பிறகு ஒரு காலை, பூசணியின் அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"ஆயா, இவன் கன்னத்தப் பாருங்க. கொசு கடிச்ச மாதிரியா இருக்கு?"

காதுக்கு முன்னால் சிவந்த வளையம். சின்னதாக, சுத்தமாக, திருத்தமாக வரைந்ததுபோல.

ஆமாம், கொசுதான் என்று சொல்ல வாயெடுத்துவிட்டாள். அதற்குள் அந்த அம்மா கைப்பையைத் திறந்தாள். "சின்ன ஆயாதான் இத வாங்கச் சொன்னாங்க. கைகண்ட மருந்தாமே?"

அதே டியூப். மூடியைத் திருகி, விரல் நுனியில் பிதுக்கி, கன்னத்தருகே கொண்டுபோகிறாள்.

"ஐயோ, அதப் போடாதீங்கம்மா!"

அவள் போட்ட சத்தத்தில் மேடம் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். ஆயா மேலங்கியின் இடது கையை முழங்கைக்குமேல் சுருட்டிக் காட்டினாள். அந்த அம்மா கையைப் பார்த்தாள், பிள்ளையின் கன்னத்தைப் பார்த்தாள், ஒரு அடி பின்னால் போனாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

"டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்கம்மா. கடையில கேட்டு எதையும் போட்டுடாதீங்க," என்று மட்டும் ஆயா சொன்னாள்.

மேடம் குரலை உயர்த்தவில்லை. "முன்னாடியே சொல்லியிருக்கலாமே ஆயா. நல்லா ஆகட்டும், அப்புறம் வாங்க."

"எப்போ மேடம் நல்லா ஆகும்?"

"அத என்கிட்ட கேட்டா எப்படி?"

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. பூசணி அவளைப் பார்த்து இரண்டு கைகளையும் நீட்டினான். வழக்கம்போல வாங்கிக்கொள்வாள் என்று அம்மாவின் தோளிலிருந்து எக்கினான். அவள் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். அவன் உதடு பிதுங்கியது. பிறகு கத்த ஆரம்பித்தான்.

"நீங்க கிளம்புங்கக்கா. நீங்க கண்ணுல படுற வரைக்கும் அவன் அடங்கமாட்டான்," என்றாள் சின்ன ஆயா மெல்ல.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கினாள். தெருமுனைவரை அந்த அழுகை கேட்டது. அதற்குள் மேலங்கி தொப்பலாக நனைந்துவிட்டது.