ஞானத்தகப்பனாய் நின்ற அஞ்ஞானி

நான் அஞ்ஞானி. ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டர் குரலைத் தாழ்த்திச் சொல்வாரே, அதே அஞ்ஞானிதான்! சூரியனை வணங்குகிறவன். மரத்திடம் நலம் விசாரிக்கிறவன். தெய்வம் ஒன்றல்ல, ஆற்றுக்கு ஒன்று, கடலுக்கு ஒன்று என்று நம்புகிறவன். இதில் எனக்குக் கூச்சமே கிடையாது.

கூச்சம் வேறிடத்தில் இருக்கிறது... என் அக்காள் மகளின் ஞானஸ்நானத்தில் நான்தான் ஞானத்தகப்பன். கோயில் பீடத்தின் முன் நின்று, நம்பாத ஒன்றை நம்புகிறேன் என்று உரக்கச் சொன்னவன். அதோடு நிறுத்தினேனா? இல்லை. அதைவிட மோசமான ஒன்றையும் பிறகு செய்தேன். சொல்கிறேன், கேளுங்கள்.

2004. சிதம்பரத்தில் கல்லூரி முதலாம் ஆண்டு. பாடப் புத்தகம் தேடி நூலகத்துக்குப் போனவன், கிறிஸ்துவுக்கு முன் வாழ்ந்த கிரேக்கர்களைப் பற்றிய ஒரு தடித்த நூலோடு திரும்பினேன். என்ன ஒரு வெளிச்சம்! உலகம் விழுந்துபோன இடமல்ல. மனிதன் கறையோடு பிறப்பவனல்ல. இருப்பதை வணங்கு, அளவாக மகிழ், அஞ்சாமல் செத்துப்போ... கடலூரில், கத்தோலிக்க வீட்டில், என் பாவமே என்று வாரந்தோறும் மார்பில் தட்டிக்கொண்டு வளர்ந்த பையனுக்கு இது எப்படி இருந்திருக்கும்? ஷூவைக் கழற்றிவிட்டு ஈர மணலில் நடப்பது போல இருந்தது!

மறுநாள் காலையே விடுதி மொட்டைமாடியில் நின்று சூரியனை நோக்கிக் கைகளை உயர்த்தினேன். பல் துலக்க வந்த அறைத்தோழன் குமார் பார்த்துவிட்டான். காட்டுமன்னார்கோயில்காரன்.

"என்னா மச்சான், கையத் தூக்கிக்கினு நிக்கிற? யாருகிட்ட சரண்டர் ஆவுற?"

"நான் பேகன் ஆயிட்டேன்டா."

"அப்டின்னா?"

சூரியன், ஆறு, மரம், பல தெய்வங்கள் என்று மூச்சுவிடாமல் விளக்கினேன். வாயில் நுரையோடு அவன் சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

"இத எங்கம்மா தெனமும் பண்ணுதுடா! எங்க வீட்டுக்கு வந்திருந்தா டவுன் பஸ் டிக்கெட்டோட முடிஞ்சிருக்கும். இதுக்கா கிரீஸ் வரைக்கும் போன?"

"டேய், இது தத்துவம்டா."

"எங்கம்மாவுது மட்டும் என்னா, டிபனா?"

ஆனாலும் உற்சாகம் குறையவில்லை. எதையும் குடிக்கும்முன் முதல் துளியை பூமிக்கு வார்க்க வேண்டும் என்று படித்திருந்தேன். கீழவீதி டீக்கடையில் பயபக்தியோடு முதல் மடக்கைத் தரையில் ஊற்றினேன். மாஸ்டர் கொதித்துவிட்டார். "டீ நல்லா இல்லன்னா வாயத் தொறந்து சொல்லுப்பா! நாலு பேர் முன்னாடி கீழ ஊத்தி அசிங்கப்படுத்துற?" அன்று முதல் பூமித்தாய்க்குத் தண்ணீர் மட்டும்தான்.

அந்த டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்தது. கடலூர்க் கரையில் நான் பார்த்ததை இங்கே எழுதப்போவதில்லை. கடலைத் தாய் என்று புகழ்ந்து எழுதி வைத்திருந்ததைக் கிழித்துப் போட்டேன். கடல் தாயுமல்ல, பேயுமல்ல. அது பெரியது, அவ்வளவுதான். ஆனால் வியப்பைப் பாருங்கள், என் அஞ்ஞானம் அங்கே முடியவில்லை. அங்கேதான் வேர் பிடித்தது. யாருடைய பாவத்துக்கு இந்தத் தண்டனை என்று கோயிலில் பலர் கேட்டபோது, யாருடைய பாவத்துக்கும் இல்லை என்று என்னால் உறுதியாக நினைக்க முடிந்தது.

அடுத்த ஆண்டு அக்காவுக்குப் பெண் பிறந்தது. இரண்டு கரு கலைந்து, வேண்டாத புனிதரில்லை என்று வேண்டிப் பெற்ற பிள்ளை. ஜெனி.

"வேற யாரயும் கேக்க மாட்டேன்டா தம்பி. நீதான் ஞானத்தகப்பன். நாளைக்கே எனக்கு ஒண்ணு ஆயிட்டாலும், அவள விசுவாசத்துல வளக்க நீ இருக்கன்னு நிம்மதியா இருப்பேன்."

சொல்லியிருக்க வேண்டும். அக்கா, என்னிடம் அந்த விசுவாசம் இல்லை என்று அந்த நொடியே சொல்லியிருக்க வேண்டும்! அவள் முகத்தைப் பார்த்தேன்...

"சரிக்கா."

ஞானஸ்நானத்தன்று பீடத்தின் முன் குழந்தை என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சாத்தானாகிய பசாசை விட்டுவிடுகிறீர்களா என்று குருவானவர் கேட்டார். நான் நம்பாத பசாசை விடுவதில் என்ன கஷ்டம்? விட்டுவிட்டேன். அடுத்த கேள்விதான் கடினமானது. ஒரே கடவுளை விசுவசிக்கிறீர்களா? அந்தக் கோயிலிலேயே உரத்த குரலில் "விசுவசிக்கிறேன்" என்று சொன்னவன் நான்தான்! அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அரை மணி நேரத்தில் பிரியாணி சாப்பிட்டேன். நன்றாகவே இறங்கியது.

பிறகு வந்த ஆண்டுகள் இன்பமானவை. சிதம்பரத்திலேயே வேலை கிடைத்தது. ஜெனி வளர்ந்தாள். பிச்சாவரத்தில் படகில் கூட்டிப்போனால் சுரபுன்னை மரம் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்து, "பை பை ஸ்டெல்லா! பை பை முருகேசன்!" என்று கையசைப்பாள். பொய் சொல்லத் தெரியாது அவளுக்கு. கேட்டால் உண்மையைச் சொல்லிவிட்டு, அடியையும் வாங்கிக்கொள்வாள். கறையில்லாமல் பிறப்பவர்கள் உண்டு என்ற என் தத்துவத்துக்குக் கிடைத்த ஒரே சாட்சி!

இந்த ஆண்டு, 2012இல், அவளுக்குப் புதுநன்மை வந்தது, முதன்முறை நற்கருணை வாங்கும் நாள். அதற்கு முன்னால் முதல் பாவசங்கீர்த்தனம். குருவானவர் முன் மண்டியிட்டுத் தன் பாவங்களைச் சொல்ல வேண்டும். அன்று மதியம் நான் கடலூரில்தான் இருந்தேன். அடுப்படியில் அக்கா மிக்சியில் எதையோ அரைத்துக்கொண்டிருந்தாள். ஜெனி கட்டிலில் வந்து உட்கார்ந்தாள்.

"மாமா, எனக்குப் பாவமே கெடைக்கல."

"தேடிப் பாரு."

"தேடிட்டேன். காலைலேர்ந்து தேடறேன். ஒண்ணாவது சொல்லணும்னு சிஸ்டர் சொன்னாங்க. நீதான ஞானத்தகப்பன்? ஒண்ணு குடேன்."

சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. எட்டு ஆண்டுகளாக நான் நம்பி வாழ்ந்தது எல்லாம் இரட்டைச் சடை போட்டுக்கொண்டு என் எதிரே உட்கார்ந்திருந்தது. ஒரே ஒரு வாக்கியம் போதும். உன்னிடம் பாவம் இல்லை கண்ணே, போய் அப்படியே சொல்!

ஆனால் யார் சொன்னது என்று ஃபாதர் கேட்பார். மாமா என்று இவள் உண்மையைச் சொல்வாள். அதையே அக்காவிடமும் வந்து சொல்வாள். அக்கா என்னை உட்காரவைத்துக் கேட்பாள்...

மிக்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே குரலைத் தாழ்த்தினேன்.

"அம்மாகிட்ட பொய் சொன்னேன்னு சொல்லிடு."

"நான் சொல்லலயே?"

"பரவால்ல. எல்லாரும் அதத்தான் சொல்லுவாங்க."

"அப்ப ஃபாதர்கிட்ட சொல்றது பொய் ஆவாதா மாமா?"

"ஆவாது."

மாலையில் கோயில் வாசலில் நின்றேன். உள்ளிருந்து ஓடிவந்தாள். முகமெல்லாம் வெற்றி! என் காதைப் பிடித்து இழுத்துச் சொன்னாள்:

"மாமா! நம்பிட்டாரு!"

உங்களுக்குப் புரிகிறதா? அதுவரை அவளிடம் ஒன்றுமே இல்லை. மனிதன் கறையோடு பிறப்பதில்லை என்று சிதம்பரமெல்லாம் வாதாடியவன், முதல் கறையைத் தன் கையாலேயே பூசியனுப்பினான். அவளைக் காப்பாற்றவா? என்னைக் காப்பாற்றிக்கொள்ள!

"நல்லா சொல்லிக்குடுத்திருக்கடா," என்று இரவுச் சோற்றில் அக்கா இன்னொரு மீனை வைத்தாள். "திக்காம தெணறாம சொன்னாளாம், அவளே சொல்றா. நீ இருக்கச்சொல்ல எனக்கென்னா கவல?"

இதை எங்கே கொண்டு வைப்பேன்? பழைய நானாக இருந்தால் நானும் போய் மண்டியிட்டிருப்பேன், எழுந்து வந்திருப்பேன். நான் தேர்ந்துகொண்ட தெய்வங்கள் மன்னிப்பதில்லை. கேட்பதுமில்லை. அதுதான் அவர்களிடம் எனக்கு மிகவும் பிடித்தது... இன்றும் பிடிக்கிறது! நான் மனம் மாறவில்லை. இன்று காலையும் மகிழ்ச்சியாகத்தான் விழித்தேன். ஆனால் அந்த "நம்பிட்டாரு" மட்டும் என்னோடு எழுந்து, என்னோடு பஸ் ஏறி வருகிறது.

போன ஞாயிறு அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா பெருமையோடு பார்த்துக்கொண்டிருக்க, ஜெனி என் மடியில் சாய்ந்து காதோடு கேட்டாள்.

"மாமா, மாசத்து மொத வெள்ளி வருது, மறுபடி பாவசங்கீர்த்தனம். இந்தவாட்டி என்னா பாவம் சொல்லட்டும்?"

"யோசிச்சு வைக்கிறேன்டி," என்றேன்.

யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.