வலைக்குள் போட்ட சோறு

நான் முதன்முதலாக வகித்த பொறுப்பான பதவி, ஆறாம் வகுப்பில் கிடைத்தது. பதவி என்றால் ஒரு மீன்வலையின் இடது முனை.

டெக்சாஸில் நாங்கள் இருந்த ஆலன் நகரத்திலிருந்து ஒரு பகல் முழுக்கக் கார் ஓட்டினால் மாநிலத்தின் மேற்குப் பாலைவனம் வரும். அங்கே செங்குத்தான இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே ஓர் ஆறு ஓடுகிறது. அதில் காலங்காலமாக வாழும் மீன் எவ்வளவு, யாரோ கொண்டுவந்து விட்டுப் பெருகிய மீன் எவ்வளவு என்று கோடையில் ஓர் ஆராய்ச்சிக் குழுவினர் எண்ணுவார்கள். எங்கள் பள்ளி அறிவியல் குழுவில் சிலரை உதவிக்குச் சேர்த்துக்கொண்டார்கள். பிள்ளைக்கு ஒரு பெற்றோர் துணைக்கு வர வேண்டும். அப்பா வருவதாகத்தான் இருந்தது. முந்தின நாள் அம்மா, "ஆத்துக்கு நானே போறேனுங்க" என்று சொல்லிவிட்டாள். மீன் வாசனைக்கே மூக்கைப் பொத்துகிற அம்மாவுக்கு இது என்ன திடீர் ஆசை என்று எனக்கு எரிச்சல். அப்பா லேப்டாப்போடு மோட்டலில் தங்கிவிட்டார்.

மானம் போவது மோட்டலிலேயே ஆரம்பித்தது. விடிந்ததும் விடியாததுமாக அம்மா தலைக்குக் குளித்துவிட்டு, கொண்டுவந்திருந்த குட்டி ரைஸ் குக்கரில் சோறு வைத்தாள். அடுத்த அறையில் என் வகுப்புத் தோழி இருந்தாள். வாசனை அங்கே போய்விடுமோ என்று நான் செத்துக்கொண்டிருந்தேன். மூடியைத் திறக்கப் போனதும், "தொடாத கண்ணு, உனக்கு பால்ல போட்டுக்க சீரியல் இருக்குது" என்றாள். தானும் ஒரு வாய் காபிகூடக் குடிக்கவில்லை.

ஆற்றில் வேலை இப்படித்தான். ஒரு பகுதியின் மேலேயும் கீழேயும் குறுக்கே வலை கட்டி, மீன் போக வர முடியாமல் அடைப்பார்கள். கலங்கிய தண்ணீர் தெளியும்வரை யாரும் உள்ளே இறங்கக் கூடாது. பிறகு இரண்டு பேர் நீளமான இன்னொரு வலையை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து இழுத்துக்கொண்டு நடப்பார்கள். அகப்பட்டதில் ஆற்றின் சொந்த மீன்களை எண்ணித் திரும்ப விடுவார்கள். வந்தேறி மீன்கள் ஐஸ் பெட்டிக்குப் போகும். முதல் இழுவையில் ஒரு முனை எனக்கு. நன்றாகச் செய்தால் அடுத்த கோடைக்கும் கூப்பிடுவதாக ஆராய்ச்சிக் குழுவின் தலைவி சொல்லியிருந்தார். அதற்காக வீட்டு பேக்யார்டில் அம்மாவின் பழைய புடவையை இழுத்து இழுத்துப் பழகியிருந்தேன்.

தண்ணீர் தெளியக் காத்திருந்தபோது அம்மா பக்கத்தில் வந்தாள். "கண்ணு, தெக்கு எந்தப் பக்கம்?"

கழுத்தில் தொங்கிய திசைகாட்டியைப் பார்த்துப் பெருமையாகக் கை நீட்டினேன். "தட் வே." அப்போதெல்லாம் நான் தமிழில் கேட்டு ஆங்கிலத்தில் பதில் சொல்கிற ஜாதி.

ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டிருந்தபோது யாரோ கத்தினார்கள். நிமிர்ந்து பார்த்தேன். அடைத்து வைத்த தண்ணீரின் நடுவில், சல்வார் நனைய முழங்கால் ஆழத்தில் அம்மா நின்றிருந்தாள். டிபன் பாக்ஸிலிருந்து சோற்றை உருண்டை பிடித்து, இரண்டு கையாலும் தண்ணீரில் விட்டுக்கொண்டிருந்தாள். மீசை வைத்த கெளுத்தியும் கொழுத்த கெண்டையுமாக, சொந்த மீன் வந்தேறி மீன் என்ற பேதமில்லாமல் எல்லாம் பந்திக்கு முந்திக்கொண்டு வந்தன.

தலைவி திட்டவில்லை. திட்டியிருந்தாலாவது தேவலை. இரை விழுந்த இடத்தில் எண்ணினால் கணக்கு சரியாக வராது, வலைகளை அவிழ்த்து மேலே கொண்டுபோய்க் கட்ட வேண்டும், அதற்குள் வெயில் ஏறிவிடும், பிள்ளைகள் நிழலிலேயே இருக்கட்டும் என்றார். என் பதவி அத்தோடு போனது. எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். எனக்குக் காது இரண்டும் எரிந்தன. உள்ளே என்ன போட்டார் என்று தலைவி என்னிடம் கேட்டார்.

"இட்ஸ் ஜஸ்ட் லெஃப்ட்ஓவர்ஸ்" என்றேன். "ஷி டஸன்ட் நோ எனிதிங்."

வெறும் மிச்சம்தான், அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆபீஸில் நாள் முழுக்க ஆங்கிலத்தில் மீட்டிங் நடத்துகிற அம்மா அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். "ஸாரி" என்று மட்டும் தலைவியிடம் சொன்னாள். நான் தள்ளிப்போய், யார் பிள்ளை என்று தெரியாதபடி ஒரு பாறையில் உட்கார்ந்துகொண்டேன்.

சாயங்காலம் திரும்பும்போது அம்மா முன் சீட்டில் ஒரு வாழைப்பழத்தை உரித்தாள். அன்றைக்கு அவள் வாயில் வைத்த முதல் ஆகாரம். அப்பா மெதுவாகக் கேட்டார். "போட்டியா?"

"போட்டேனுங்க. எள்ளு கலந்துதான். மீனெல்லாம் வந்து சாப்பிட்டுச்சு."

"அப்புறமென்ன, மாமாவே வந்து சாப்பிட்ட மாதிரிதான். அழாத."

கரூரில் அம்மாவின் அப்பா இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. விசா சிக்கலில் அம்மா ஊருக்குப் போக முடியாமல், ஃபோன் திரையில்தான் அவரைக் கடைசியாகப் பார்த்தாள். அன்றைக்குத்தான் முதல் திதி. ஊரில் அதை என் தாய்மாமா கொடுத்தார். மகள் கொடுப்பது வழக்கமில்லை என்று சொல்லிவிட்டார்கள். இதெல்லாம் எனக்குத் தனித்தனியாகத் தெரியும். ஒன்றுசேர்த்துப் பார்க்கத்தான் தெரியவில்லை. என் நாளைக் கெடுத்துவிட்டு இவள் எதற்கு அழுகிறாள் என்று நினைத்து, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டேன்.

பட்டினி கிடந்து, யாரையும் தொடவிடாமல் தன் அப்பாவுக்காக வைத்த சோறு அது. அதைத்தான் அத்தனை பேர் முன்னால் மிச்சம் என்றேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது. அம்மா இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அன்று அவளுக்கு நான் செய்த ஒரே உருப்படியான காரியம், தெற்கைச் சரியாகக் காட்டியது. எதற்கென்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.