சூடு என்று சொன்ன காயம்

முதலில் வந்தது ஒரு சொட்டு இரத்தம். இடுப்பில் கட்டியிருந்த சாரத்தின் முன்பக்கத்தில், இருபத்தைந்து சத நாணயத்தின் அளவில். சலம் (சிறுநீர்) கழிக்காமலேயே வந்த இரத்தம் அது. இந்தக் கட்டுரையில் வேறெதையும் வாசிக்காவிட்டாலும் இதை மட்டும் வாசியுங்கள்: அடிபட்ட பிறகு ஆணுறுப்பின் நுனியில் இப்படி ஒரு சொட்டுக் கண்டால், அது காய்வதற்கு முன் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். நான் போகவில்லை.

அப்போது எனக்கு ஐம்பத்திரண்டு வயது. மன்னாரில் ஓர் அரசாங்கக் கந்தோரில் (அலுவலகத்தில்) எழுதுவினைஞன். எதையும் எண்ணிப் பார்ப்பது தொழிலால் வந்த பழக்கம். பிறவிக் குணம் என்று என் மனைவி மரியம்மா சொல்வாள்.

சண்டைக் காலம். மன்னார்த் தீவைவிட்டு வெளியே போக ஆமியின் (இராணுவத்தின்) பாஸ் வேண்டும். வள்ளம் இறக்கவும் பாஸ் வேண்டும். கடலுக்கு அப்பால் அரிப்பு என்ற ஊரில் என் அக்கா படுக்கையில் கிடந்தாள். மூன்று முறை எழுதிக் கேட்டும் பாஸ் வரவில்லை. மரியம்மாவின் தம்பி அந்தோனி எங்கள் தீவில் தாழ்வுபாடு என்ற கரையூரில் மீன்பிடிப்பவன்.

"அத்தான், நீங்கள் கடிதம் எழுதிக்கொண்டே இருங்கோ. உங்கட அக்கா அதுக்குள்ள போய்ச் சேந்திடுவா. வாங்கோ, நான் கொண்டு போறன்" என்றான்.

பாஸ் இல்லாமலே போனோம். அக்காவைக் கண்டேன். திரும்பி வந்து தாழ்வுபாட்டுக் கரையில் இறங்கும்போது விடிந்துகொண்டிருந்தது. வள்ளத்தின் விளிம்பைத் தாண்டி ஒரு காலைப் போட்டேன். மற்றக் காலை எடுப்பதற்குள் அலை வள்ளத்தைத் தூக்கியது. இரு பக்கமும் கால் தொங்க, என் முழுப் பாரமும் கவட்டில் விழுந்தது.

"கந்தோர்க்காரர் குதிரை ஓடுறார்!" என்று அந்தோனி சிரித்தான். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினான்.

அந்த இடத்துக்குள் என்ன இருக்கிறது என்பது அன்று எனக்குத் தெரியாது. சலக்குழாய் (சலப்பையிலிருந்து சலம் வெளியே வரும் வழி) அங்கே இடுப்பெலும்புக்குச் சற்றுக் கீழே ஓடுகிறது. கவட்டில் அடி விழுந்தால் எலும்புக்கும் விழுந்த பொருளுக்கும் நடுவில் அது நசுங்கும், கிழியும். சைக்கிள் பாரில் விழுந்தாலும் மதிலில் விழுந்தாலும் இதுதான். வெளித்தோலில் ஒரு கீறலும் இராது.

ஆஸ்பத்திரிக்குப் போகாததற்குக் காரணம் வலி குறைவாக இருந்ததல்ல. அந்த நாட்களில் காயத்தோடு வருகிறவர்களின் பெயர் பொலிசுக்குப் போகும். எங்கே, எப்படி என்று கேட்பார்கள். வள்ளம் என்றால் யாருடைய வள்ளம் என்பார்கள். அந்தோனியைப் பிடிப்பார்கள். பிடிபட்டவர்களில் எத்தனை பேர் வீடு திரும்பினார்கள் என்பது எங்கள் கரையில் எல்லோருக்கும் தெரியும். அவனுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். ஆகவே வாய் திறப்பதில்லை என்று தீர்மானித்தேன். மரியம்மாவிடமும் சொல்லவில்லை. சாரத்தில் என்ன இரத்தம் என்று கேட்டபோது, "சூடு" என்றேன்.

சூட்டுக்கு மருந்து எங்கள் வீடுகளில் யாரும் யாரிடமும் கேட்பதில்லை. இளநீர், பார்லித் தண்ணீர். மரியம்மா ஒன்றன்பின் ஒன்றாகக் கொண்டுவந்தாள். வேண்டாம் என்றால் ஏன் என்று சொல்லவேண்டும், எனவே குடித்தேன். மத்தியானத்துக்குள் ஒன்பது கோப்பை உள்ளே போயிருந்தது. வெளியே வந்தது சில சொட்டுகள், அவையும் சிவப்பு. முட்டிக்கொண்டு நின்றது, முக்கினாலும் வரவில்லை. தொப்புளுக்குக் கீழே வயிறு தேங்காய்போல எழும்பிக் கல்லாயிற்று. கவடு கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியது.

பத்தாவது கோப்பையோடு வந்தவள், நான் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு வளைந்து நிற்பதைக் கண்டாள்.

"இஞ்ச, இது சூடில்லை. சாரத்தை விடுங்கோ பாப்பம்."

"போ அங்கால."

"இத்தினை வருசமாப் பாக்காததே? விடுங்கோ எண்டுறன்."

பார்த்தாள். கோப்பையை நிலத்தில் வைத்தாள். "எங்க விழுந்தனீங்கள்?"

சொன்னேன். தம்பி பெயரைக் கேட்டால் ஒப்பாரி வைப்பாள் என்று பயந்திருந்தேன். அவள் அழவில்லை.

"அவனைப் பிடிச்சா நான் போய் ஆமிக்காரனோட கதைப்பன். உங்களைப் புதைச்சாப் பிறகு ஆரோட கதைக்கிறது?" என்றாள்.

ஆஸ்பத்திரியில் தாதி ஒருவர் கதீற்றரை (சலக்குழாய்க்குள் விடும் இறப்பர் குழாய்) ஆயத்தப்படுத்தினார். வைத்தியர் அவரைத் தடுத்தார்.

"நுனியில ரத்தம் நிக்குது. கண்ணை மூடிக்கொண்டு இதுக்குள்ள குழாயைத் தள்ளினா அரைக் கிழிசல் முழுக் கிழிசலாயிடும்." என்னிடம் திரும்பினார். "எப்பிடி ஐயா நடந்தது?"

"சைக்கிள் பார்" என்றேன். மரியம்மா கூரை முகட்டைப் பார்த்தாள். வைத்தியர் அவளைப் பார்த்தார்.

"சரி, சைக்கிளாவே இருக்கட்டும். அதை நான் தோண்டேல்லை. ஆனா எங்க அடிபட்டது, எத்தினை மணிக்கு, கடைசியா எப்ப ஒழுங்காச் சலம் போனது, பிறகு என்ன குடிச்சனீங்கள், இந்த நாலிலயும் எனக்குப் பொய் சொல்லக் கூடாது."

நாலையும் சொன்னேன். ஒன்பது கோப்பை என்றதும் அவர் பேனை நின்றது.

"ஒம்பதும் இளநீரோ?"

"ஏழு இளநீர். ரண்டு பார்லி."

"நல்ல கணக்குப்பிள்ளைதான்" என்றார். சிரிக்கவில்லை.

அடிவயிற்றில் மரக்க ஊசி போட்டு, துளையிட்டு, நேரே சலப்பைக்குள் ஒரு குழாயை இறக்கினார்கள். கிழிந்த வழியைத் தொடாமல் சலத்தை வெளியேற்றும் முறை அது. பையில் சலம் விழுந்த சத்தத்தைக் கேட்டு நான் அழுதேன். பொலிஸ்காரர் ஒருவர் வந்தார். "சைக்கிள்" என்று எழுதிக்கொண்டு, என் முகத்தைப் பாராமலே போனார்.

குழாயோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். பை எப்போதும் இடுப்புக்குக் கீழே இருக்கவேண்டும். குழாய் இழுபடக் கூடாது. காய்ச்சல், குளிர் நடுக்கம், பையில் சலம் விழாமல் நிற்பது, இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே வரவேண்டும் என்றார்கள். சோதனைச் சாவடியைப் பற்றி யாரும் சொல்லித் தரவில்லை. சாரத்துக்குள் ஏதோ கட்டியிருப்பதைக் கண்ட ஆமிக்காரன் துவக்கை நிமிர்த்தினான்.

"என்ன அது? தூக்கு!"

கையிலே ஆஸ்பத்திரியில் எழுதித் தந்த நோய்த் துண்டு இருந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை. வரிசையில் எனக்குப் பின்னால் என் கந்தோரில் வேலை செய்யும் பெண்கள் நின்றார்கள். தூக்கினேன். அவன் பையைப் பார்த்தான், குழாயைப் பார்த்தான், முகத்தைத் திருப்பிக்கொண்டு "யன்ன, யன்ன" (சிங்களத்தில் போ, போ) என்றான். அவனுக்கு என் மகனின் வயதிருக்கும்.

குழாயோடு நான் கிடந்த அந்த நாட்களில் ஆமிக்காரர் தாழ்வுபாட்டைச் சுற்றிவளைத்தார்கள். பிடித்துப் போனவர்களில் அந்தோனியும் ஒருவன். வள்ளத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. என்னைப் பற்றியும் கேட்கவில்லை. வரிசையில் நிறுத்தினார்கள், ஆள்காட்ட அவர்கள் கொண்டுவந்த முகமூடிக்காரன் ஒருவன் அவனைப் பார்த்துத் தலையாட்டினான், அவ்வளவுதான். மரியம்மா சொன்னபடியே போய்க் கதைத்தாள். முகாம் முகாமாகப் போய்க் கதைத்தாள். அவன் வரவில்லை.

சத்திரசிகிச்சைக்குக் கொழும்பு போக எனக்கான பாஸ் மாதங்கள் கழித்துக் கிடைத்தது. கொழும்பில் சாயம் செலுத்திப் படம் பிடித்தார்கள். கிழிந்த துண்டை வெட்டி நீக்கி இரு நுனிகளையும் இணைத்துத் தைத்தார்கள். வயிற்றுக் குழாயைக் கழற்றினார்கள். சுகமாகிவிட்டது என்று நினைத்தேன். இதை வாசிக்கும் உங்களில் சிலரும் அந்த இடத்தில்தான் நிற்பீர்கள், அங்கே ஏமாந்துவிடாதீர்கள். ஆறிய புண் உள்ளே தழும்பாகிச் சுருங்கும். வைத்தியர்கள் இதைச் சுருக்கம் (தழும்பு வழியை நெருக்குவது) என்கிறார்கள். சலம் நூலாக மெலியும், அல்லது இரண்டாகப் பிரிந்து விழும். முக்க வேண்டி வரும். முடிந்த பிறகும் சொட்டும். வயது போனால் இப்படித்தான் என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். கேட்காதீர்கள். எனக்கு அது மெலிந்தபோது நான் நேரே கிளினிக்குக்குப் போனேன். கம்பி விட்டு அகலப்படுத்தினார்கள். பின்னர், நானே மெல்லிய குழாயொன்றை விட்டு வழியைத் திறந்து வைத்திருக்கப் பழக்கினார்கள். இன்றுவரை செய்கிறேன்.

இன்னொன்றையும் எழுத வேண்டும், யாரும் எழுதுவதில்லை என்பதால். கணவன் மனைவிக்கு உரிய அந்தச் சக்தியும் இந்தக் காயத்தோடு போகலாம். எனக்குப் போயிற்று. வைத்தியரிடம் கேட்கக் கூச்சப்பட்டு, மருந்துண்டா என்றுகூட அறியாமல் வருடங்களைக் கழித்தேன். நீங்கள் கேளுங்கள்.

என் உடம்பு என்னுடையது, வேண்டுமானால் அதைக் கொடுத்து ஒருவனைக் காப்பாற்றலாம் என்று அன்று நினைத்தேன். அது அப்படிக் கொடுத்து மாற்றக்கூடிய பொருளல்ல. நான் இழந்தது எதுவும் அந்தோனியின் பக்கத்தில் போய்ச் சேரவில்லை.

இப்போது எனக்கு எழுபத்தெட்டு. கந்தோர் மணி என் நாளைப் பிரித்த காலம் போயிற்று. சலப்பை நிறைவதும் ஒழிவதும்தான் என் பொழுது. நான் எங்கே போகலாம், எவ்வளவு நேரம் இருக்கலாம், எந்தப் பூசையில் கடைசி வாங்கில் (பெஞ்சில்) உட்காரவேண்டும் என்பதை அது சொல்கிறது. காலையில் கழிப்பறையில் நின்று காத்திருக்கிறேன். எண்ணிக்கொண்டு நின்றால் வருவதில்லை. அங்கே மட்டும் நான் எதையும் எண்ணுவதில்லை.

கதவுக்கு வெளியே மரியம்மாவின் குரல் கேட்கும்.

"வந்ததோ?"

"இன்னும் இல்லை."

"அவசரப்படாதேங்கோ. நான் நிக்கிறன்."