சமையலறையில் சுழன்ற பருப்பு முளைகள்

இத்தாலியில், பலெர்மோ நகரில் நான் வீட்டுவேலை செய்த இடத்தில், காலையில் முதல் வேலை பருப்பு முளைகள் சுழல்கின்றனவா என்று பார்ப்பது. லிபெர்த்தா வீதியில் வசித்த தாவரவியல் பேராசிரியை ரோஸாவின் வீடு அது. ஓகஸ்ட்டில் பல்கலைக்கழகம் பூட்டிவிட்டதால், ஆய்வுச் சக்கரத்தைச் சமையலறையிலேயே வைத்திருந்தார். மெல்லச் சுழலும் அதில் முளைகளுக்குக் கீழ் எது, மேல் எது என்று பிடிபடாது. வேர்கள் கண்டபடி வளைந்தன. அதே இன விதைகள் ஒரு ஜெர்மன் ஆய்வுத்திட்டத்தில் விரைவில் விண்வெளிக்குப் போகவிருந்தன. எடையே இல்லாத இடத்தில் வேர் எந்தப் பக்கம் போகும் என்பதுதான் அவருடைய கேள்வி. எடை என்பதற்கு அவர் சொன்ன "பேஸோ" எனக்கு மீனைக் குறிக்கும் "பேஷே" என்று கேட்டது. மறுநாள் மீன் வாங்கிப் போனேன். சிரித்துவிட்டுப் பொரித்துச் சாப்பிட்டோம். யாழ்ப்பாணத்தில் நானும் உயிரியல் ஆசிரியைதான் என்று சொல்ல, எனக்குத் தெரிந்த இத்தாலியம் போதவில்லை.

அங்கே, போர்க்காலத்தில் ஒரு காலை, ஹெலிகொப்டர் எங்கள் பள்ளிக்கூட ஆய்வுகூடத்தின் மேல் சுட்டபோது, மாணவிகளோடு மேசைக்கடியில் கிடந்தேன். வாசலில் சூடுபட்டு விழுந்த வசந்தி "ரீச்சர், ரீச்சர்" என்று கூப்பிட்டாள். கையை எட்டியிருந்தால் இழுத்திருக்கலாம். குரல் நின்ற பிறகுதான் எழுந்தேன்.

ரோஸாவைப் பிரிந்திருந்த கணவர் ஒரு மத்தியானம் கதவை உதைத்துக்கொண்டு வந்தார். விதைகளோடு ரோஸா ஜெர்மனிக்குப் போகக்கூடாதாம். சக்கரத்தைத் தூக்கிச் சுவரில் அடித்தார். முளைகள் அவர் சப்பாத்தின் கீழ் நசிந்தன. பிறகு ரோஸாவின் தலைமயிரைப் பிடித்துப் பளிங்கு மேசையில் மோதினார். ஒரு தடவை. இரண்டாம் தடவை. மூன்றாவதற்கு முன் நான் மீன் பொரிக்கும் இரும்புத் தாச்சியால் அவர் மணிக்கட்டில் அடித்தேன். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. மீண்டும் அடித்தேன். எனக்குப் பயமே வரவில்லை. அதுதான் இன்றும் பயமாக இருக்கிறது.

கண்ணுக்குள் இரத்தம் வழிய, "ஓடு! பொலிஸ் வரும், இங்கே தங்க உன்னிடம் பெர்மேசோ இல்லை" என்றார் ரோஸா.

"நான் போகேல்லை. இஞ்சைதான் நிக்கிறன்" என்றேன் தமிழில். அவருக்கு விளங்கவில்லை, என் கையை மட்டும் இறுக்கினார்.

தலையில் தையல்களோடு ரோஸா ஜெர்மனிக்குப் போனார். எனக்குப் பொலிசார் இரண்டு கடிதங்கள் தந்தார்கள்: பதினைந்து நாளுக்குள் நாட்டை விட்டு வெளியேறு என்று ஒன்று, அடுத்த மாதம் நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல வா என்று மற்றது.

அல்பெர்கேரியாப் பகுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த மன்னார் மேரியக்கா ஏசினார்: "உனக்கென்ன விசரே? ஒளிச்சிரு. கோட்டுக்குப் போனா அங்கையே பிடிப்பாங்கள்."

"போறன் அக்கா. ஒருக்கா ஒளிச்சுக் கிடந்தது போதும்."

போனேன். கண்டதைச் சொன்னேன். ரோஸாவின் கணவருக்குச் சிறை கிடைத்தது. சாட்சிக் கூண்டில் நீதிபதி முதலில் கேட்டது, "நீர் எங்கே வசிக்கிறீர்?" பொலிசார் தந்த இரண்டு கடிதங்களையும் சேர்த்து நீட்டினேன்.