சனிக்கிழமை நீலம்

எண்பதுகளின் தொடக்கத்தில் செந்துறையில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரருக்கு அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை. சர்க்கரை வியாதி என்று சொல்லி, அரியலூர் டாக்டர் மாத்திரையோடு ஒரு பாட்டில் நீல மருந்தும் எழுதிக் கொடுத்தார். கண்ணாடிக் குழாயில் அந்த மருந்தை ஊற்றி, சில சொட்டு மூத்திரம் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் கொதிக்க வைக்க வேண்டும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள் என்று மாறினால் கூடுகிறது. செங்கல் நிறம் வந்தால் ஆபத்து. வீட்டில் பார்க்க எங்களுக்கு அது ஒன்றுதான் வழி.

மூத்திரத்தைக் காய்ச்சினால் தலை முழுகாமல் வீட்டுக்குள் வரக்கூடாது என்பது என் வீட்டுக்காரர் பிடிவாதம். தினமும் யார் தலை முழுகுவது? ஆண்களுக்குச் சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். ஆகவே பரிசோதனையும் சனிக்கிழமைதான். கொல்லையில் உட்கார்ந்து காய்ச்சிப் பார்த்துவிட்டு அப்படியே குளிக்கப் போவார். அதே சனிக்கிழமைதான் அவருக்குப் பெருமாள் விரதமும். வெள்ளிக்கிழமை ராத்திரியிலிருந்தே பட்டினி, மத்தியானம் பூசை முடிந்த பிறகுதான் சோறு. காய்ந்த வயிற்றில் பார்த்தால் சர்க்கரை எங்கிருந்து தெரியும்? அது அவருக்கும் உறைக்கவில்லை, எனக்கும் யாரும் சொல்லவில்லை.

வாராவாரம் நீலம். குழாயை வெயிலில் தூக்கிக் காட்டுவார். "பாத்தியா புள்ள, ஒண்ணுமேயில்ல. டாக்டருக்கு வேற வேலையில்ல." மறுநாளே இனிப்புப் பணியாரம் கேட்பார். மாத்திரை பாதி நாள் டப்பாவிலேயே கிடக்கும்.

"ராத்திரியெல்லாம் எந்திரிச்சி எந்திரிச்சிப் போறீங்களே, அது என்னவாம்?" என்றால், "தண்ணி குடிக்கிறேன், போறேன். ஒனக்கென்ன?" என்று வாயை அடைத்துவிடுவார்.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பூட்ஸைக் கழற்றினார். காலுறை ரத்தமும் சீழுமாக ஒட்டிக்கொண்டிருந்தது. உள்ளே சுண்ணாம்புக்கல் சில்லு ஒன்று கட்டைவிரலில் ஏறி, விரலே கறுத்துப்போயிருந்தது. அந்த மனுஷனுக்கு வலிக்கவேயில்லை.

மறுநாள் காலை இட்லி சாப்பிட்ட கையோடு அரியலூர் பஸ் ஏறினோம். டாக்டர் தன் மேசையிலேயே காய்ச்சிப் பார்த்தார். செங்கல் நிறம்.

"இன்னைக்கே திருச்சி பெரியாஸ்பத்திரிக்குப் போங்க. வெரல எடுத்துட்டா காலு பொழைக்கும்."

"நான் வூட்டுல பாத்தா நீலமா இருக்கு சார். ஒங்க மருந்து கெட்டுப்போயிருக்கும். சனிக்கிழமை பாத்துட்டு வரேன்."

அது என்ன சனிக்கிழமை என்று டாக்டர் கேட்டார். விரதத்தையும் குளியலையும் நான்தான் சொன்னேன். அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "பட்டினி கெடந்து பாத்தா நீலமாத்தான்யா காட்டும்!"

இவர் காதில் எதுவும் ஏறவில்லை. பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் பார்க்கக் கத்தினேன். "வெரல் போனாப் போவுது, வாங்க திருச்சிக்கு!" அவரோ, "ஒடம்புல ஒண்ணக் கொறச்சிட்டு எப்படிடி சாமிகிட்ட போயி நிக்கிறது?" என்று செந்துறை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டார். பாவி மனுஷன். இன்று நினைத்தாலும் ஆத்திரம் ஆறவில்லை.

சனிக்கிழமை வந்தது. காய்ச்சலில் சோறே இறங்காமல் கிடந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டு கொல்லைக்குப் போனார். எனக்கு லேசாகப் பச்சை தட்டிய மாதிரி இருந்தது. "நீலந்தான்" என்றார். நடுங்கிக்கொண்டே குளித்தார். திங்கட்கிழமை விடிந்தபோது வீக்கம் முழங்காலைத் தாண்டியிருந்தது.

திருச்சியில் தொடையோடு எடுத்துவிட்டார்கள். "புதன்கிழமையே வந்திருந்தா வெரலோட போயிருக்கும்மா" என்றார் அங்கிருந்த டாக்டர். சுவரில் சாய்ந்து அழுதேன். வேறென்ன செய்ய?

மயக்கம் தெளிந்ததும் என்னைக் கூப்பிட்டார். "புள்ள, கட்டைவெரல் அரிக்குது. கொஞ்சம் சொறிஞ்சி வுடு."

போர்வை அந்தப் பக்கம் தட்டையாகக் கிடந்தது. கட்டிலில் கையை வைத்து, "இங்கயா?" என்று கேட்டேன்.

"இன்னும் கொஞ்சம் கீழ" என்றார்.